புரட்டிப் படுக்க வைத்தால் போதுமா?

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு வீடு திரும்புகிறவரின் குடும்பத்துக்கு மருத்துவமனை சொல்லி அனுப்பும் முக்கியமான பாடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்பது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் சிக்கியவர் என யார் வீடானாலும், அலாரம் வைத்து எழுந்து இதைச் செய்பவர் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. உணர்வற்ற தோலில் வரும் படுக்கைப்புண் எலும்புவரை இறங்கி உயிரையே வாங்கிவிடும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். நல்ல பராமரிப்பு இருந்தால் இந்த நிலையிலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஊருக்கு உழைக்கலாம் என்பதற்கு அவரே சான்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இத்தனை இருந்தும், தோலுக்கும் மூட்டுக்கும் சிறுநீர்ப்பைக்கும் கிடைக்கும் கவனம் இரவு நேர மூச்சுக்குக் கிடைப்பதில்லை.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் மரணத்துக்கு நிமோனியா போன்ற சுவாச நோய்கள் முன்னணிக் காரணம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவடப் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. அதற்குக் கீழே அடிபட்டால் மூச்சு இழுக்க முடியும்; விலாத்தசையும் வயிற்றுத்தசையும் ஓய்ந்துபோவதால் பலமாக இருமிச் சளியைத் தள்ள முடியாது. மூச்சு முட்டினால் தூக்கி உட்கார வைப்பது நம் வீடுகளின் வழக்கம். ஆஸ்துமாக்காரருக்கு அது சரி. இவர்களுக்கு உட்கார்ந்தால் தளர்ந்த வயிறு முன்னே சரிந்து, உதரவிதானம் தட்டையாகி, மூச்சு இன்னும் குறையும். வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினால் தேறும். அதற்காக மல்லாந்தே கிடக்கவிட்டால், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். ஆய்வுகள் பலவற்றில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் தூக்க மூச்சுத்தடை தென்பட்டிருக்கிறது. கழுத்துக் காயத்தால் மெலடோனின் சுரப்பதற்கான நரம்புப் பாதையும் அறுபடுவதால், இரவு வந்துவிட்டது என்ற சேதியே உடலுக்குச் சரியாக எட்டுவதில்லை. மறுநாள் அவர் தூங்கி வழிந்தால் மனச்சோர்வு என்கிறோம். தூக்க மாத்திரை கொடுக்கிறோம். அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்துகிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பகலில் 97 காட்டும். விழித்திருக்கும்போது பார்க்கும் எண், தூக்கத்தில் நேரும் சரிவைக் காட்டாது.

முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவிக்கு எங்கே போவது, வாங்கினாலும் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா தலைமையில் பல நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் நினைவும் கவனமும் மேம்படவில்லை. கருவியை ஓர் இரவில் சராசரியாக மூன்று மணி நேரம்கூட மாட்டியிருக்க முடியவில்லை. ஆனால் பகல் தூக்கம் கணிசமாகக் குறைந்தது. கருவி இல்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. எப்படியும் புரட்டத்தானே போகிறோம், மல்லாந்த நேரத்தைக் குறைத்து ஒருக்களித்த நேரத்தைக் கூட்டலாம். நல்ல காற்று மெத்தை இருந்து தோலும் தாங்கினால், மருத்துவரைக் கேட்டு இடைவெளியை நீட்டலாம்; இருவருக்குமே தூக்கம் கிடைக்கும். வயிற்றில் கைவைத்து அழுத்தி இரும உதவும் முறையை வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் சொல்லித் தரலாம். மாத்திரைகளைக் குறைக்க நினைத்தாலும், தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அளவை மருத்துவர்தான் திருத்த வேண்டும். இரவெல்லாம் பதிவுசெய்யும் ஆக்சிமீட்டர் ஒன்றை வட்டார மருத்துவமனையில் வைத்து வீடு வீடாகச் சுற்றில் விட்டால், சிபாப் உண்மையிலேயே யாருக்குத் தேவை என்று தெரிந்துவிடும். அரசு அவர்களுக்கு மட்டும் வாங்கித் தரட்டும்.