காலுக்கான பாட்டு

நாஜியா ஹஸனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முடிவிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். 2000 ஆகஸ்டில், 35 வயதில், லண்டனில் புற்றுநோயால் மரணம். பிறகு பின்னோக்கி நடந்துபோய், அவர் 15 வயதில் பாடிய பாட்டிலும் ஒரு சோகத்தைக் கண்டெடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் விமர்சனமல்ல, துட்டி கேட்பது.

கராச்சியில் பிறந்த பெண். 1980இல் வந்த 'குர்பானி' படத்துக்கு, பெங்களூரில் பிறந்து லண்டனில் தொழில் செய்த பிட்டு அப்பையா அவரைப் பாடவைத்தார். அந்த ஒரே பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் பரிசு. மறுவருஷம் தம்பி ஸோஹேபுடன் 'டிஸ்கோ தீவானே'. 1992இல் 'கேமரா கேமரா'. அத்தோடு சரி. 12 வருஷம், ஐந்து இசைத்தொகுப்புகள். பாட்டை நிறுத்தியது மரணமல்ல. இடையில் கிடக்கும் எட்டு வருஷம் இரங்கல்காரர்கள் கண்ணில் படுவதில்லை.

அந்தக் குரலில் சோகமில்லை. ஓர் ஒதுக்கம் இருக்கிறது. நம் பின்னணிப் பாடகிகள் சொல்லுக்குச் சொல் பாவம் காட்டப் பழகியவர்கள். நாஜியா எதையும் நடிப்பதில்லை. லேசாக மூக்கொலி கலந்த, கமகமற்ற, நேரான குரல். கீழே தாளம் விரட்டிக்கொண்டிருக்க, அது அவசரமில்லாமல் மேலே மிதக்கிறது. ஆடுகிறவன் தன் உணர்ச்சியைத் தானே கொண்டுவரட்டும் என்று இடம் விட்டுவைக்கிறது. இது ஒரு பாடகியின் குறை என்று சொல்லப்பட்டதுண்டு. எனக்கு இதுவே அவருடைய சாதனையாகப் படுகிறது.

துட்டி விமர்சனம் நமக்கும் பழக்கமானதுதான். வீரகேரளம்புதூரிலிருந்து ஆண்ட ஊற்றுமலை ஜமீனில் புலவராக இருந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இளம் வயதிலேயே போய்ச்சேர்ந்தார். அவர் பெயரை எடுத்ததும் அந்த வயதைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறோம். காவடிச் சிந்து எதற்குக் கட்டப்பட்டது என்று கேட்பதில்லை. கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து நடக்கிற கால்களுக்காகக் கட்டப்பட்டது. அந்த நீண்ட ஓட்டமும் அடுக்கடுக்கான இயைபும் சுமையோடு ஆடுகிறவனின் மூச்சுக்கு அளந்தவை. காலுக்கான பாட்டு மட்டமானது என்று டிஸ்கோவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், சிந்துவை மட்டும் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

ஒப்பீட்டை இதற்குமேல் இழுப்பது நியாயமில்லை. தாளத்தை எடுத்துவிட்டாலும் ரெட்டியாரிடம் தமிழ் மிஞ்சும். நாஜியாவின் பாட்டுகளில் தாளம் போனால் சொல்லென்று சேர்த்துவைக்க அதிகமில்லை. பிந்திய தொகுப்புகளில் யந்திரத்தின் ஆர்ப்பாட்டம் குரலை மூடிவிடுகிறது. 1987இல் வந்த 'ஹாட்லைன்' எனக்கு அலுப்பையே தந்தது. இறந்தவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது மரியாதையாகாது.

தேறுவது ஏழெட்டுப் பாட்டு. அவற்றில் ஒரு சிறுமி, யாருக்கும் தன்னை விளக்கிக்கொண்டிருக்காமல் பாடுகிறாள். அதைக் கேட்க அவளுடைய மரணம் நமக்குத் தேவையில்லை.