லிஸ்பனின் தரை

லிஸ்பனில் ஒரு நாள் சாவகாசமாகச் சுற்றக் கிடைத்தால், கோட்டையையும் தேவாலயங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும் கறுப்புக் கற்களும் கப்பலாக, நட்சத்திரமாக, பூங்கொடியாக நடைபாதைகளில் விரிந்து கிடக்கின்றன.

1842-இல் சாவ் ஜார்ஜ் கோட்டையில் இருந்த கைதிகளைக் கொண்டு, யூசேபியோ ஃபுர்த்தாதோ என்ற ராணுவ அதிகாரி மடங்கி மடங்கிச் செல்லும் கோணல் கோடுகளாகக் கல் பதிக்கச் செய்தார். அந்த அழகு நகரத்துக்குப் பிடித்துப்போயிற்று. சில ஆண்டுகளிலேயே ரோசியோ சதுக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளை அலைகள். அங்கே நடப்பது சமதரையில்தான். கண்ணோ ஏறி இறங்குவதாகச் சொல்லும். ரியோவின் கோபகபானா கடற்கரை நடைபாதையில் உள்ள அலைக்கும் தாய் இதுதான்.

கல் பதிப்பவர் வேலை செய்வதைக் கண்டால் நின்றுவிடுங்கள். கல்லை இடக்கையில் ஏந்திச் சுத்தியலால் தட்டுகிறார். வேண்டிய விளிம்பு வந்துவிடுகிறது. மணல் படுக்கையில் நெருக்கமாகப் பொருத்தி, இடுக்குகளை நிரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்கிறார். தரைக்கடியில் குழாய் பழுதானால் கற்களைப் பெயர்த்து எடுத்து, பிறகு அவற்றையே திரும்பப் பதிக்கலாம்.

மழையில் வழுக்கும் என்ற முறையீடு நியாயமானது, முதியவர்களுக்கு மிகவும் சிரமம். செங்குத்தான சந்துகளில் நகரம் மாற்று வழி தேடட்டும். சதுக்கங்களில் கை வைக்கக் கூடாது என்பதே என் கட்சி. முட்டிபோட்டு வெயிலில் செய்யும் இந்த வேலைக்கு ஆள் குறைந்து வந்ததால், மாநகராட்சி 1986-இல் இதற்கென்றே பள்ளி தொடங்கியது.