காட்டேரிக்குப்பம் வழியாகச் செஞ்சிக்கு

புதுச்சேரிக்குப் போய் காந்தி சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத தமிழர்கள் குறைவு. சிலையைச் சுற்றிக் காவலுக்கு நிற்கிற மாதிரி உயரமான கல்தூண்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டிருக்கிறீர்களா? செஞ்சியிலிருந்து. 1750-ல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி செஞ்சிக்கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தான். 1761 வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது. அங்கே சும்மா நின்றுகொண்டிருந்த தூண்கள் வங்காள விரிகுடாவைப் பார்க்க வந்துவிட்டன.

தூண்கள் பயணம் செய்த தூரம் சுமார் 70 கிலோமீட்டர். அதைத் திரும்பிப் போய்ப் பார்க்க இன்றைக்கு இரண்டு வழி. ஒன்று, நான்கு வழிச் சாலையில் திண்டிவனம் போய், மேற்கே திரும்புவது. பாட்டு கேட்டுக்கொண்டே போய்விடலாம். எதையும் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொன்று வில்லியனூர், ஊசுட்டேரி, சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம், திருவக்கரை என்று ஊர் ஊராக நுழைந்து போவது. இந்த இரண்டாவது வழியைத்தான் இந்த வாரம் விமரிசனம் செய்யப்போகிறேன். சாலையை விமரிசனம் செய்வார்களா என்று கேட்காதீர்கள். நாமே கார் ஓட்டி, நாமே வழி பார்த்து, நாமே நின்று பார்க்கிற சுற்றுலா என்பது ஒரு புத்தகம் மாதிரி. அதில் அத்தியாயங்கள் உண்டு, வரிசை உண்டு, அச்சுப்பிழைகளும் உண்டு.

முதலில் அச்சுப்பிழைகள். நம் ஊரில் கிடைக்கிற சுற்றுலா மடிப்புத் தாள்களில் மூன்று வார்த்தைகள் தவறாமல் இருக்கும்: 'பழமை வாய்ந்த', 'கண்கவர்', 'காணவேண்டிய'. எத்தனை பழமை, எது கண்ணைக் கவர்கிறது, ஏன் காணவேண்டும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்காது. கைபேசியில் இருக்கிற மேப் இன்னொரு ரகம். 'இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்' என்று துல்லியமாகச் சொல்லும். திரும்பினால் என்ன இருக்கிறது என்று கேட்டால் டீக்கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று காட்டும். நினைவுச்சின்னங்களின் வாசலில் நிற்கிற நீலப் பலகை எல்லாவற்றையும் மிஞ்சியது. சேதப்படுத்தினால் எத்தனை வருஷம் சிறை, எவ்வளவு அபராதம் என்று விவரமாகச் சொல்கிறது. எதைச் சேதப்படுத்தக்கூடாது என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறது.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. 1900-ல் பிரான்சில் மிஷலின் டயர் கம்பெனி ஒரு கையேடு போட்டது. அப்போது நாடு முழுக்க மூவாயிரம் கார்கூட இல்லை. 35,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! வியாபாரம்தான், ஆனால் உருப்படியான வியாபாரம். அமெரிக்காவில் 1935-ல் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த எழுத்தாளர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதவைத்தது. சால் பெல்லோ, ரால்ஃப் எல்லிசன் எல்லாம் அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்கியவர்கள். அந்தப் புத்தகங்களின் முக்கியமான பகுதி காரில் போகிறவர்களுக்கானது. இத்தனையாவது மைலில் இந்த ஊர், இந்த ஊரில் இன்னது நடந்தது என்று மைல் மைலாக எழுதிவைத்தார்கள். சின்ன ஊர் என்று எதையும் தள்ளவில்லை.

தமிழிலும் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். கோயிலுக்குள் உங்கள் கையைப் பிடித்து அழைத்துப்போய், 'இந்தச் சிற்பத்தை இங்கே நின்று பாருங்கள்' என்று சொல்கிற தொனி. 1971-ல் சிட்டியும் தி. ஜானகிராமனும் 'நடந்தாய் வாழி காவேரி' கொண்டுவந்தார்கள். நடந்தது காவேரி, அவர்கள் போனது காரில். ஒரு நதியை நூலாகப் பிடித்துக்கொண்டு போனதால் அந்தப் புத்தகத்துக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. காவேரிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் சங்கராபரணிக்குக் கிடைக்கவில்லை.

சங்கராபரணி என்றால்? வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் பெயர் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. நம் இரண்டாவது வழி என்பது கிட்டத்தட்ட இந்த ஆற்றை எதிர்த்துப் போகிற வழி. அதைப் புரிந்துகொண்டால் போதும், உதிரியாகக் கிடக்கிற ஊர்கள் எல்லாம் ஒரு சரத்தில் கோத்துக்கொள்ளும்.

முதல் அத்தியாயம், ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானியப் பானைகளை வைத்து இந்த இடத்தின் காலத்தைச் சொன்னார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய துறைமுகம். போகிறவர்கள் அங்கே நிற்கிற செங்கல் சுவரைப் பார்த்து 'ஆஹா, ரோமாபுரி!' என்று மெய்சிலிர்த்துத் திரும்புகிறார்கள். அந்தச் சுவர் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டியது. ரோமானியர்கள் வியாபாரம் செய்த ஊர் காலுக்குக் கீழே மண்ணில் இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு பலகை, அதில் இரண்டு வரி போதும்.

அடுத்து வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுத்துவைத்த வழக்கம், கவர்னர்கள் மாறியும் தொடர்கிறது. இப்போது துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அதே ஊரில் 1877-லிருந்து லூர்து மாதா. மாதா கோயிலுக்கு முன்னால் படிக்கட்டு வைத்த குளம்! பிரான்சிலிருந்து வந்த மாதா, வில்லியனூருக்கு வந்ததும் ஊர் வழக்கப்படி குளம் வைத்துக்கொண்டாள். மதங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதுகிற நானூறு பக்கத்தை இந்த இரண்டு வாசல்களில் பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம்.

பிறகு ஊசுட்டேரி. புதுச்சேரியின் பெரிய ஏரி. பாதி தமிழ்நாட்டில் கிடக்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பங்கைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. எல்லைக்கோடு எங்கே என்று பறவைகளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. இந்தச் சாலையில் போகும்போது கடைப் பலகையில் மாவட்டத்தின் பெயர் மாறும், பெட்ரோல் விலை மாறும், பிராந்திக் கடைகளின் அடர்த்தி மாறும். நிலம் மட்டும் மாறாது. பெரும்பாலான பயணிகளுக்கு இந்த எல்லையைப் பற்றிய அறிவு மேற்சொன்ன மூன்றாவது விஷயத்தோடு முடிந்துவிடுகிறது.

இப்போது காட்டேரிக்குப்பம். நகரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பெயரே நிறுத்திவைக்கிறது. பெயரைப் பிரித்தால் ஒரு பக்கம் ஊர்க்காவல் காட்டேரியம்மன், இன்னொரு பக்கம் காட்டு ஏரி. பக்தி வேண்டியவர்களுக்கு அது, பாசனம் வேண்டியவர்களுக்கு இது. கரும்பு, நெல், பனை, சவுக்கு, நடுநடுவே சிவந்த மண். எந்த மடிப்புத் தாளிலும் இந்த ஊர் இல்லை, 'கண்கவர்' என்று சொல்ல ஒன்றும் இல்லையாம். ஆனால் பக்கத்து ஊரான சுத்துக்கேணியில் கசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞரும் அவர் மனைவியும் தோண்டியபோது பெருங்கற்காலத்துப் புதைகுழிகள் கிடைத்தன. தாழிகள், கால் வைத்த மண்பேழைகள், மணிகள். அதையெல்லாம் 1956-ல் பாரிசில் புத்தகமாகப் போட்டார்கள். ஆக, காட்டேரிக்குப்பத்துக்குக் காரில் போகிற ஒரு தமிழர் அங்கே யார் வாழ்ந்தார்கள், எப்படிப் புதைத்தார்கள் என்று விவரமாக அறிய வேண்டுமென்றால் பிரெஞ்சு படிக்கவேண்டும். இதைவிடக் கடுமையாக நம் கையேடுகளை யாரும் விமரிசிக்க முடியாது.

காட்டேரிக்குப்பத்தைத் தாண்டினால் செம்மண் மேடுகள் எழும்பும். திருவக்கரையில் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-லேயே வேலி போட்டுப் பாதுகாக்க ஆரம்பித்த இடம். கிட்டப் போய்ப் பாருங்கள். மரத்தின் வளையங்கள் தெரியும், பட்டை தெரியும், கணு தெரியும். ஆனால் கிளையோ இலையோ வேரோ இல்லை. ஏன்? அவை அங்கே வளர்ந்த மரங்கள் இல்லை. வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்து, மெல்லமெல்லக் கல்லானவை. துப்பறியும் கதை மாதிரியான இந்த ஒரு தகவலைச் சொன்னால் எட்டு வயசுப் பையன்கூட வெயிலில் அரை மணி நேரம் நிற்பான். சொல்லாவிட்டால் 'கல்லு, மரம் மாதிரி இருக்கு' என்று ஐந்து நிமிஷத்தில் காருக்குத் திரும்பிவிடுவான். ஊரில் சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர், மூன்று முகமுள்ள லிங்கம், பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளுகிற வக்கிரகாளி. இங்கே கோபுரமும் கொடிமரமும் நந்தியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் வீடூர் அணை. இதன் பாசனத்தில் தமிழ்நாட்டுக்கு 2,200 ஏக்கர், புதுச்சேரிக்கு 1,000 ஏக்கர். இரண்டு ஆட்சிகள் சத்தமில்லாமல் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்கிற அதிசயத்தையும் சுற்றுலாத் தலமாக அறிவிக்கலாம்.

கடைசியில் பாறைகள் குவிந்த மலையடிவாரம், செஞ்சி. கோட்டைக்கு முன்பு திருநாதர்குன்றில் ஏறுங்கள். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட ஒரு சமண ஆசிரியரின் கல்வெட்டும் இருக்கிறது. அப்புறம் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சுவரால் தைத்த கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான்.

இந்த வழியின் சிறப்பு என்னவென்றால், மேற்கே போகப்போகக் காலம் பின்னால் போகிறது. கடற்கரையில் முந்நூறு வருஷம், அரிக்கமேட்டில் இரண்டாயிரம், சுத்துக்கேணியில் அதற்கும் முன்னால், திருவக்கரையில் இரண்டு கோடி, செஞ்சிப் பாறை இருநூறு கோடிக்கும் மேல். உலகத்தில் எத்தனை சாலைகள் 70 கிலோமீட்டரில் இதைச் செய்யும்? திரும்பும்போது விழுப்புரம் வழியாக வந்தால் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் குடைந்த குகைக்கோயில் கிடைக்கும். திருபுவனையில் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு சோழர்காலக் கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது. நாம் அதைத் தாண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இது தண்டனை. மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். 800 அடி ராஜகிரியை உச்சிவெயிலில் ஏறினால் வரலாறு மறந்து தண்ணீர் மட்டும் ஞாபகம் வரும். அரிக்கமேட்டை முதல் நாள் சாயங்காலம் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, செஞ்சியில் ராத்திரி தங்கி, கோட்டையை அடுத்த நாள் காலைக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்.

'நீர் இப்படி எழுதிக் கூட்டம் சேர்த்து, அந்த ஊர்களையும் கெடுக்கப்போகிறீரா?' என்று ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஊசுட்டேரிப் பறவைகளுக்கு ஹாரன் சத்தம் பிடிக்காது, உண்மைதான். ஆனால் யாருக்கும் தெரியாத இடம் பத்திரமாக இருக்கும் என்பது பொய்க் கணக்கு. செம்மண் மேடு என்றால் லாரிக்காரருக்கு அது லோடு. கல்மரத் துண்டு என்றால் பங்களாத் தோட்டத்துக்கு அலங்காரம். தாழி புதைந்த வயல் என்றால் மனைப்பிரிவு. அங்கே இருப்பது இன்னது என்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியாதபோது, அள்ளிக்கொண்டு போகிறவரை யார் தடுப்பது? ஊர் சுற்ற வருகிறவருக்காக எழுதுகிற நாலு வரியை முதலில் படிக்கப்போவது உள்ளூர்க்காரர்தான். அந்த நாலு வரி பல இடங்களில் வேலியைவிட நன்றாகக் காவல் காக்கும்.

ஆகவே யோசனை இதுதான். பெரிய பட்ஜெட் வேண்டாம். இந்த வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாரா. தமிழில், ஊர்ப் பள்ளி ஆசிரியரும் ஒரு வரலாற்று மாணவரும் சேர்ந்து எழுதட்டும். 'பழமை வாய்ந்த' என்ற வார்த்தைக்குத் தடை. வருஷம் கட்டாயம். காட்டேரிக்குப்பத்துக்கும் ஒரு பாரா உண்டு, வெறுமனே 'வழி' என்று போடக்கூடாது.

அதுவரை, அடுத்த முறை கடற்கரையில் காந்தியோடு படம் எடுத்துக்கொள்ளும்போது, ஓரமாக நிற்கிற தூண்களையும் ஃபிரேமுக்குள் கொண்டுவாருங்கள். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கின்றன.