கடைசிக் கடிதத்தை எழுதியவர்

காகாசாகேபின் வீட்டுச் சுவரில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. படத்தில் பின்னணி இசை கிடையாது. அதனால் அதன் டிக்டிக் சத்தம் நம் காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இளம் மனைவி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, கிழவர் தன் வயதை அந்தக் கடிகாரத்தின் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் அதை நிறுத்தியும் விடுகிறார்.

படம் ‘குங்கூ’. 1937-ல் புனேயின் பிரபாத் நிறுவனத்துக்காக வி. சாந்தாராம் எடுத்தது. தலைப்புக்கு மராத்தியில் குங்குமம் என்று பொருள். இந்தியில் இதையே ‘துனியா ந மானே’ என்ற பெயரில் எடுத்தார்கள். உலகம் ஒப்பாது என்று சொல்லிக்கொள்ளலாம். கோலாப்பூரில் 1929-ல் தொடங்கிய பிரபாத் 1933-ல் புனேக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஸ்டுடியோ வளாகம்தான் இன்று லா காலேஜ் சாலையில் திரைப்படக் கல்லூரியாக இருக்கிறது. சற்றுத் தள்ளித் திரைப்பட ஆவணக் காப்பகம். அங்கே ஒரு மாலை இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு மராத்திப் பாட்டி இருந்தார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

கதை சிறியது. பணத்துக்கு ஆசைப்பட்ட மாமா, நீராவை மனைவியை இழந்த ஒரு வக்கீல் கிழவருக்குக் கட்டிவைத்துவிடுகிறார். கல்யாணம் நடந்தது நடந்ததுதான், இனிக் குடித்தனம் செய்ய வேண்டியதுதானே என்கிறது வீடு. நீரா மாட்டேன் என்கிறாள். அழுது, மூலையில் சுருண்டு, பிறகு பழகிப்போகிற ‘மாட்டேன்’ அல்ல. அந்த வீட்டிலேயே தங்கி, அவர் கண்ணெதிரே நடமாடிக்கொண்டே, மனைவியாக இருக்க மறுக்கிறாள். கையைப் பிடிக்க வரும் மூத்தாள் மகனைப் பிரம்பால் விளாசுகிறாள். கிடைத்த நேரத்தில் லாங்ஃபெல்லோவின் ஆங்கிலக் கவிதை ஒன்றைப் பாடுகிறாள். நடித்தவர் சாந்தா ஆப்தே. கிழவராக கேசவராவ் தாத்தே.

நம் ஊர்ப் படங்கள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு விஷயம் உடனே உறைக்கும். நீராவுக்காக வெளியே எந்த வாலிபனும் காத்திருக்கவில்லை. அவளைக் காப்பாற்ற அண்ணன் வரவில்லை. வேறொருவனைப் பிடித்திருப்பதால் வேண்டாம் என்பது ஒன்று, எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் வேண்டாம் என்பது வேறு. முதலாவதைத் தமிழ் சினிமா ஆயிரம் முறை எடுத்திருக்கிறது. இரண்டாவதை எடுக்க இன்றைக்கும் தயங்குகிறது.

கேமரா யாரைப் பார்க்கிறது என்பது இன்னொன்று. 1975-ல் லாரா மல்வி, வெகுஜனப் படங்களில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று எழுதினார். அன்றிலிருந்து பெண்ணியத் திரை விமர்சனத்துக்கு அதுவே அரிச்சுவடி. ‘குங்கூ’வில் அந்தக் கணக்கு தலைகீழ். உற்றுப் பார்க்கப்படுவது கிழவரின் உடம்பு: அவர் தளர்ச்சி, அவர் கூச்சம், இளமை வேஷத்தில் அவர் படும் பாடு. நீரா பார்க்கிறவளாக இருக்கிறாள். அதே சமயம் அவரை அரக்கனாகவும் ஆக்கவில்லை. வில்லனை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். நல்ல மனிதர் செய்த அநியாயத்தை அநியாயம் என்று ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் படம் நம் தலையில் கட்டுகிறது.

இது வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. தாராபாய் ஷிண்டேயின் ‘ஸ்திரீ புருஷ துலனா’ 1882-ல் அச்சானது இதே ஊரில். கணவன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பம்பாய் நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாய்க்கு எதிராக, 1880-களில் திலகரின் ‘கேசரி’ எழுதித் தள்ளியதும் இங்கிருந்துதான். கிழவருக்குச் சிறுமியைக் கட்டிவைக்கும் கொடுமையை தேவல் தன் ‘சாரதா’ நாடகத்தில் 1899-லேயே மேடையேற்றிவிட்டார். படத்துக்கு மூலம் நாராயண் ஹரி ஆப்தேயின் மராத்தி நாவல். கிழவரின் சீர்திருத்தவாதி மகளாக வருகிற சகுந்தலா பராஞ்சபே, நிஜத்திலும் கேம்பிரிட்ஜில் படித்தவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உழைத்து, பிற்பாடு மாநிலங்களவைக்கும் நியமிக்கப்பட்டவர். தெருவில் நடந்துகொண்டிருந்த சண்டைதான் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது.

இனிப் பாட்டிக்கு வருகிறேன். படம் எப்படி முடிகிறது? காகாசாகேப் தன் தவறை உணர்கிறார். குமைந்து குமைந்து, கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். மறுமணம் செய்துகொள் என்று நீராவுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். விளக்கு எரிந்ததும் பாட்டி என் பக்கம் திரும்பி, “காசிக்குப் போயிருக்கலாமே மனுஷன், எதுக்குச் சாகணும்?” என்றார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிப்பாக இல்லை.

எதுக்குச் சாகணும் என்றால், அவர் செத்தால்தான் அவளை விடுவிக்கக் கதைக்குத் தெரிகிறது. இரண்டு மணி நேரம் அவள் மறுத்ததால் கிடைக்காத விடுதலை, அவர் எழுதிய ஒரு கடிதத்தால் கிடைத்துவிடுகிறது. நியாயம் கேட்டவள் அவள். தீர்ப்பு எழுதுகிறவர் அவர். போதாக்குறைக்கு, நம் அனுதாபம் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார். தியேட்டரை விட்டு வரும்போது நாம் துக்கப்படுவது யாருக்காக? 1937-ல் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்துச் சட்டமே இல்லை, வேறு எப்படி முடிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவளை மறுத்தபடியே அந்த வீட்டில் விட்டுவிட்டுப் படத்தை முடித்திருக்கலாம். அந்தத் தைரியம் மட்டும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சாந்தாராம் எடுத்த ‘மாணூஸ்’ படத்திலும் இதே குறை வேறு உருவில் வருகிறது. மைனா என்ற பாலியல் தொழிலாளியாக சாந்தா ஹூப்ளிகர் கலக்குகிறார். கடைசியில் அவள் கொலைக் குற்றத்தில் சிறைக்குப் போகிறாள். அவளைக் காதலித்த போலீஸ்காரன் வாழ்க்கை வாழ்வதற்கே என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். பாடம் அவனுக்கு, கம்பி அவளுக்கு.

அதே 1939-ல் சென்னையில் கே. சுப்ரமணியம் கல்கியின் கதையில் ‘தியாகபூமி’ எடுத்தார். கணவன் சேர்ந்து வாழக் கேட்டு வழக்குப் போடுகிறான். வேண்டுமானால் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் சாவித்திரி! எஸ்.டி. சுப்புலட்சுமி நீதிமன்றத்தில் நிற்கும் அந்தக் காட்சியில் ருக்மாபாயின் நிழல் விழுந்திருப்பதாக எனக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சண்டையும் முடிவில்லாமல் தேச சேவையில் கரைந்துவிடுகிறது. பிற்பாடு வந்தவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மன்னன்’ (1992) படத்து முதலாளியம்மா, கணவனை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டோடு தங்குகிறார். ‘படையப்பா’வின் நீலாம்பரி சாகிறாள். கைதட்டல் அவளுக்குத்தான் விழுந்தது என்பது வேறு விஷயம்.

படத்தில் இரண்டு பெண்கள் ஆணைப் பற்றியல்லாமல் ஏதாவது பேசுகிறார்களா என்று பார்க்கும் பெக்டெல் சோதனை இப்போது எல்லோருக்கும் தெரியும். 1985-ல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு துணுக்கிலிருந்து கிளம்பியது. தராசாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் நீராவின் வீட்டில் பெண்கள் பேசுவதெல்லாம் கல்யாணம், கணவன், குங்குமம். மார்க் போட்டால் ‘குங்கூ’ தேறுவது கஷ்டம். ஆகவே நான் இப்போதெல்லாம் வேறொன்றைத்தான் பார்க்கிறேன்: கடைசிக் கடிதம் யார் கையெழுத்தில் இருக்கிறது?

அப்படிப் பார்த்தால் ஜப்பார் பட்டேலின் ‘உம்பரட்டா’ (1982) தனியாக நிற்கிறது. புனேயில் பிறந்த ஸ்மிதா பாட்டீல், சுலபாவாக, கணவனையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பெண்கள் காப்பகம் ஒன்றை நடத்தப் போகிறார். திரும்பி வரும்போது கணவனுக்கு வேறொரு உறவு. மறுபடி கிளம்பிவிடுகிறார். யாரும் சாகவில்லை, யாரும் அனுமதிக் கடிதம் எழுதவில்லை, வாசற்படியைத் தாண்டுகிறவள் அவளே. (உம்பரட்டா என்றால் வாசற்படி.) குறை இதிலும் உண்டு. படித்த, வசதியான சுலபாவால் கிளம்ப முடிகிறது. காப்பகத்துப் பெண்களுக்குப் போக ஓர் இடம் இல்லை. அவர்கள் அவளுடைய படிப்பினைக்குக் கச்சாப்பொருளாகவே தங்கிவிடுகிறார்கள்.

‘சைராட்’ (2016) எனக்கு இன்னும் முடியாத விவாதம். நாகராஜ் மஞ்சுளேயின் ஆர்ச்சி புல்லட் ஓட்டுகிறாள், டிராக்டர் ஓட்டுகிறாள், மேல்சாதித் திமிரோடு காதலனை வம்புக்கும் இழுக்கிறாள். முதல் பாதி முழுக்க விசில். இரண்டாம் பாதியில் ஹைதராபாத்தின் ஒற்றை அறைக் குடித்தனத்தில் சமைக்கத் தெரியாமல் விழிக்கிறாள். சந்தேகப்பட்ட காதலன் கை நீட்டும்போது தியேட்டரில் விசில் இல்லை. நாயகனின் அசிங்கத்தைப் படம் ஒளிக்கவில்லை, அதற்குப் பாட்டும் போடவில்லை. கடைசியில் இருவரையும் வெட்டிச் சாய்ப்பது அவள் வீட்டார். இங்கேயும் சாவுதான் முடிவு. ஆனால் காகாசாகேபின் சாவு முடிச்சை அவிழ்க்கிறது. ஆர்ச்சியின் சாவு எதையும் அவிழ்ப்பதில்லை. இரத்தத்தில் கால் பதித்து அழுதுகொண்டே வெளியே நடந்துபோகும் குழந்தையை நம்மிடம் விட்டுவிட்டுப் படம் போய்விடுகிறது.

சாந்தா ஆப்தேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939-ல், ஒப்பந்தத் தகராறில், அவர் பிரபாத் ஸ்டுடியோ வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நீராவைப் படைத்த அதே வாசல். இந்தத் தடவை வசனம் எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. அடுத்த வருஷம் மராத்தியில் ஒரு புத்தகமும் எழுதினார். பெயர் ‘ஜாவூ மீ சினிமாத்?’ நான் சினிமாவில் சேரட்டுமா என்று அர்த்தம். நடிகைகளைச் சினிமாத் தொழில் எப்படிப் பிழிகிறது என்பதை, யாருடைய அனுமதியும் கேட்காமல், தன் பெயரிலேயே போட்டார்.

பிறகு தமிழ் கற்றுக்கொண்டு நம்மிடம் வந்தார். ஒய்.வி. ராவ் இயக்கி 1941-ல் வெளியான படம் அது. ‘கல்கி’ பத்திரிகைக்குப் பணம் சேர்ப்பதற்காக எம்.எஸ். சுப்புலட்சுமி அதில் நாரதர் வேஷம் கட்டினார். சாந்தா ஆப்தேக்கு நாம் கொடுத்த வேஷம், எமனின் பின்னாலேயே போய்ப் புருஷன் உயிரைக் கேட்டு வாங்கி வரும் சாவித்திரி.