பதினாலு கொள்கையும் ஒரு கடன் நோட்டும்

"இன்ஜினியரிங்கோடு சேர்த்து பிசினஸும் படிக்கணுமா?" என்று ஆபீஸில் ஜூனியர்கள் கேட்பதுண்டு. படிக்கணும். ஆனால் நாங்கள் படித்த மாதிரி இல்லை.

பி.இ.யில் எங்களுக்கு 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்று ஒரு பேப்பர். ஃபயோலின் 14 கொள்கைகள், டெய்லர், மாஸ்லோவின் பிரமிடு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்து பக்கத்தை நிரப்பினோம். மார்க்கும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹென்றி ஃபயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். பிரான்ஸில் நொடித்துப் போக இருந்த தன் சுரங்கக் கம்பெனியின் தலைமையை 1888-ல் ஏற்று நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தைத்தான் 1916-ல் எழுதினார். டெய்லரும் எஃகு ஆலையில் நின்று வேலையை அளந்த மெக்கானிக்கல் இன்ஜினியர். இரண்டு பேரும் களத்தில் கண்டதை, களத்தை வெட்டிவிட்டு வெறும் பட்டியலாக நமக்குக் கொடுத்தார்கள்.

அதன் விலை எனக்குப் பின்னாடிதான் தெரிந்தது. நானும் ஒரு நண்பரும் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து எட்டு மாதம் மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினோம். முதல் கடை அண்ணாச்சி பார்த்துவிட்டு, "பில் யாரு தம்பி கேக்குறா? கடன் நோட்டுக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்றார். எங்கள் டேட்டாபேஸில் கடனுக்கு ஒரு டேபிள்கூட இல்லை.

2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் ஸ்டீவ் பிளாங்க் தொடங்கிய 'லீன் லாஞ்ச்பேட்' வகுப்பு இந்தத் தப்பைத்தான் குறிவைக்கிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊகங்களை ஒரு தாளில் எழுதி, வெளியே போய் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். வாராவாரம் எந்த ஊகம் உடைந்தது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 'ஐ-கார்ப்ஸ்' என்ற பெயரில் இதை விஞ்ஞானிகளுக்கும் கொண்டு போனது. அதில் ஒவ்வொரு குழுவுக்கும் இலக்கு 100 நேர்காணல்.

இதிலும் ஓட்டை இருக்கு. 100 என்று எண்ணிக்கை வைத்தால், அதுவும் இன்னொரு மனப்பாடமாக மாறலாம். நம்ம ஊரில் "இது நல்லாருக்கா?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "போன வாரம் கடன் கணக்கை எப்படி எழுதினீங்க, அந்த நோட்டைக் காட்டுங்க" என்று கேட்கத் தெரியணும். எண்ணிக்கையைவிட இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான் வகுப்பு சொல்லித்தர வேண்டும்.

ஃபயோலுக்கு ஒரு கேள்வி இருக்கட்டும். மீதி மார்க்கைப் பத்து கடை ஏறி இறங்குவதற்குக் கொடுக்கலாம். அண்ணாச்சியை நாங்கள் முதல் மாதமே பார்த்திருந்தால், ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.