இடர்ப்பாடும் இறைநம்பிக்கையும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு நோக்கு

இடர்க்காலத்தில் இறைவனைப் பற்றிநிற்றல் என்னும் கருத்துக் கிறிஸ்தவ இலக்கியத்தில் இடம்பெறுமிடத்து, நமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் ஆயத்தமான ஒரு தீர்ப்புடனேயே அதனை அணுகி வந்துள்ளது. துன்பத்தின் சமூகக் காரணங்களை மறைத்து மனிதனைச் செயலற்றவனாக்குவதே அந்நம்பிக்கையின் பணி என்பது அத்தீர்ப்பு. ஆனால், மதத்தை அபினியெனக் கண்ட மார்க்ஸ், 1844இல் எழுதிய அதே பகுதியிலே, மதமானது மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கெதிரான கண்டனமாகவும் அமைவதையும் சுட்டியிருந்தார். இவ்விரு கூறுகளுள் எது மேலோங்குகிறது என்பது, நம்புவோன் எந்நிலையில் நின்று, எவ்வதிகாரத்தை எதிர்கொண்டு நம்புகிறான் என்பதைப் பொறுத்தது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் (1894), அதற்கு மூலமாயமைந்ததும் தமிழில் மோட்சப் பிரயாணம் என அறியப்படுவதுமான ஜோன் பன்யனின் நூலையும் (1678) ஒப்புநோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

பன்யன் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. உத்தரவுபெறாது பிரசங்கித்தமைக்காக 1660இற் கைதாகி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்ட் சிறையிலிருந்தவர். இனிப் பிரசங்கிப்பதில்லையென வாக்களித்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் அதற்கு இணங்கவில்லை. சிறையிலிருந்தவாறே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்தைத் தாங்கினார். பார்வையற்ற தம் மூத்த மகளைப் பிரிந்த வேதனையை 1666இல் வெளியான தன்வரலாற்றிற் பதிவு செய்துள்ளார். அரசும் அரச திருச்சபையும் ஓரணியில் நின்ற அக்காலத்தில், இறைவனை நம்புதல் என்பது நீதவானின் கட்டளைக்குப் பணிய மறுத்தல் என்ற பொருளையும் பெற்றது.

நூலின் உயிர்நாடியான ஒரு பகுதி இங்கு நோக்கற்பாலது. வழிதவறிய யாத்திரிகர் இருவரை அவநம்பிக்கை என்னும் அரக்கன் தன் கோட்டையில் அடைக்கிறான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவுவரை உணவும் நீருமின்றி, அடிபட்டு, தற்கொலை செய்துகொள்ளுமாறும் தூண்டப்பட்டு அவர்கள் கிடக்கின்றனர். சனி நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை செபிக்கின்றனர். அப்போது வானத்திலிருந்து தூதர் எவரும் இறங்கவில்லை. வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததை ஒருவன் நினைவுகூருகிறான். இரும்புவாயிலின் பூட்டு எளிதிற் றிறவாததால் வலிந்து திருக நேர்கிறது. செபம் நினைவைத் தூண்டுகிறது. நினைவு கையைத் தூண்டுகிறது. இதனைச் செயலின்மையின் இலக்கியமென எவ்வாறு கூறுவது?

கிருஷ்ணபிள்ளையின் நிலை வேறு. 1827இல் திருநெல்வேலிச் சீமையின் வைணவ வேளாளர் குடும்பமொன்றிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, தமிழ்ப் பண்டிதராய்ப் பணியாற்றி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். உறவையும் சாதி மதிப்பையும் பணயம் வைத்த அச்செயல் அவருக்கு மெய்யான இடர்ப்பாடே. எனினும் ஆட்சியாளர் அவர் தழுவிய மதத்தினராகவே இருந்தனர். மாயாபுரியில் நிதானி விசாரிக்கப்பட்டுக் கொல்லப்படும் பகுதியை அவர் விரிவாகவே பாடியுள்ளார். ஆயினும் பன்யனின் கையில் தம்மைச் சிறையிட்ட நீதிமன்றத்தை நேரே சுட்டிய அங்கதம், தமிழில் உலகியலின் பொதுவான தீமையைக் குறிப்பதாகிவிடுகிறது. குற்றச்சாட்டு நிலைக்கிறது, குற்றவாளியின் முகவரி மறைகிறது.

இவ்விழப்புக்கு ஈடாகத் தமிழ் பெற்றதொன்றுண்டு. காப்பியத்தின் இடையிடையே அமைந்து, இரட்சணிய யாத்திரிகத் தேவாரம் எனத் தனியாகவும் வழங்கும் பாடல்களில், ஆழ்வார் நாயன்மாரின் சரணாகதி மொழி கிறிஸ்துவை நோக்கித் திரும்புகிறது. காப்பிய விருத்தங்கள் பெரும்பாலும் கற்றோரிடையே தங்கிவிட, இப்பாடல்கள் ஆலயத்துக்கும் வீட்டுக்கும் சென்றன. அந்நியமெனக் கருதப்பட்ட ஒரு மதத்திற் றுன்புற்று நின்ற தமிழருக்கு, இரவல் வாங்காத சொற்களில் அழவும் முறையிடவும் வழி கிடைத்தமை சிறு பேறன்று.

ஆனால் அம்முறையீட்டில் துன்பம் பெரிதும் தனிமனிதப் பாவத்தின் சுமையாகவே உணரப்படுகிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கான ஏழைகள் திருச்சபைகளை நாடினர். அவர்களைப் பொறுத்தவரை இறைவனை நம்புதல் கஞ்சியோடும் சாதிக்கொடுமையோடும் பிணைந்தது. அச்சூழலிலேயே வாழ்ந்த கவிஞரின் காப்பியக் கதைப்போக்கில் இவ்வனுபவத்துக்குத் தனியிடமில்லை. இது நம்பிக்கையின் குறைபாடன்று. கவிஞரின் வர்க்கநிலை வகுத்த எல்லை.

இவ்வெல்லையைச் சுட்டுவதோடு விமர்சகனின் கடமை முடிந்துவிடுவதில்லை. 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திற் றஞ்சம் புகுந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். நம்பினோர் காக்கப்படுவர் என்னும் வாய்பாடு அதன்பின் விசுவாசிக்கே போதாதது. நம்பிக்கை வெறும் மயக்கம் என்னும் வாய்பாடும் போதாது. ஏனெனில் எஞ்சியோர் மீண்டும் அவ்வாலயத்திலேயே கூடித் தம் இறந்தோரை நினைவுகூர்ந்தனர். நிதானி நம்பினான், கொல்லப்பட்டான். இரு நூலாசிரியரும் இதனை மறைக்கவில்லை. நம்பிக்கை உயிருக்கு உத்தரவாதமென அவர்கள் கூறவில்லை. அஞ்சிப் பொய்யுரைக்காது நிற்பதற்கான ஊன்றுகோலாகவே அதனைக் காட்டினர்.

ஆதலின், இத்தகைய இலக்கியத்திடம் நாம் கேட்கவேண்டியது இறைவனை நம்பலாமா என்பதன்று. அந்நம்பிக்கை துன்புற்றோனின் கையைக் கட்டுகிறதா, அன்றி அவன் மடியிலுள்ள சாவியை நினைவூட்டுகிறதா என்பதே. பன்யனிடம் அதற்கு விடை தெளிவாயுள்ளது. கிருஷ்ணபிள்ளையிடம் அது பாதியாகவே உள்ளது. மறுபாதியைப் பாடவேண்டியோர், பஞ்சத்திலும் போரிலும் அப்பாடல்களைப் பாடி நின்ற மக்களிடையேயிருந்து வரவேண்டியோராவர்.