சொந்தக் கல்லூரியின் பெஞ்சில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வேரோடிப்போன ஒரு வழக்கம் உண்டு. ஒரு கல்லூரிக்காக ஆடியவர், சில ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக வந்து அமர்வார். ரசிகர்கள் நெகிழ்வார்கள், பழைய மாணவர்கள் நன்கொடையைக் கூட்டுவார்கள். ஆனால் அணிக்கு இதனால் என்ன கிடைக்கிறது?

கிடைப்பது குறைவில்லை. இந்த ஆட்டத்தின் அறிவே ஆள்வழி ஆளாகத்தான் வந்திருக்கிறது. 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனின் 1952 சாம்பியன் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர் டீன் ஸ்மித். அவர் 1958இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராகப் போய், மூன்றே ஆண்டில் தலைமைப் பொறுப்பேற்றார். அவரிடம் பத்தாண்டுகள் உதவியாளராக இருந்தவர் ராய் வில்லியம்ஸ். ஸ்மித்திடம் ஆடி, பிறகு வில்லியம்ஸுக்கு உதவியாளரான ஹியூபர்ட் டேவிஸ் 2021இல் வட கரோலினாவின் தலைமை நாற்காலிக்கு வந்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிலிருந்து இன்றைய தலைமுறை வரை எண்ணினால் ஒரு கைவிரல்கள் போதும்.

உதவிப் பயிற்சியாளரின் வேலை மைதானத்தில் கைதட்டுவது மட்டுமல்ல. எதிரணிகளை உதவியாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். தன் பங்குக்கு வந்த அணியின் பல ஆட்டங்களை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவர்கள் எந்தக் கையசைவுக்கு எந்த ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், யார் இடப்பக்கம் மட்டுமே பந்தைத் தட்டிச் செல்கிறார், யாருக்குக் களைத்தால் கை தாழ்கிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதில் தேவையானதை மட்டும் பொறுக்கி, பதினெட்டு வயதுப் பையனுக்குப் புரிகிற ஐந்தாறு வாக்கியங்களாகச் சுருக்கித் தர வேண்டும். அதே அரங்கில், அதே நெருக்கடியில் ஆடியவர் சொன்னால் அந்த வாக்கியங்களுக்குத் தனிக் கனம் உண்டு.

ஜான் ஷையர் இதற்கு நல்ல சான்று. 2010 இறுதி ஆட்டத்தில் பட்லரை 61-59 என்று வென்ற டியூக் அணியின் தலைவர்களில் ஒருவர். அதே ஆண்டு கோடையில் கண்ணில் பட்ட காயம் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் அவருடைய கனவைச் சிதைத்தது. வெளிநாட்டு லீக்குகளில் ஆடிவிட்டு 2013இல் டியூக் திரும்பியவர், தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் கீழ் படிப்படியாக ஏறி 2022இல் தலைமைப் பயிற்சியாளரானார். 2025இல் தேசிய அரையிறுதி வரை அணியைக் கொண்டுபோனார். அங்கே கடைசி நிமிடத்தில்கூட ஆறு புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்பது ஆண்டு உதவியாளர் பணி அவரை ஆளாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஷையர் தலைமையேற்றதும் செய்த ஒரு காரியம்தான் இந்த வழக்கத்தின் குறையைத் தெளிவாகக் காட்டுகிறது. நீண்ட காலமாக ஷஷெவ்ஸ்கியின் உதவியாளர்கள் டியூக்கில் ஆடியவர்களாகவே இருந்தார்கள். ஷையரோ ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் ஆடி, கென்டக்கியில் பணியாற்றிய ஜே லூக்கஸை அழைத்து வந்தார். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் மட்டுமே சுற்றி அமர்ந்தால், ஆசிரியரின் தவறும் பாடமாகிவிடும். எதிர்க்கேள்வி கேட்க வெளியாள் வேண்டும் என்பதை உள்ளேயே வளர்ந்தவர் உணர்ந்தது பெரிய விஷயம்.

இதைவிட மோசமான குறை, கற்றுத்தரும் திறனுக்காக அல்லாமல் பெயருக்காக மட்டும் ஆளை எடுப்பது. பேட்ரிக் யூவிங் ஜார்ஜ்டவுனுக்கு 1984 பட்டத்தை வென்று தந்தவர். என்.பி.ஏ.வில் நெடுங்காலம் உதவியாளராகவும் இருந்தார். ஆனால் 2017இல் தலைமைப் பயிற்சியாளராகத் தன் கல்லூரிக்குத் திரும்பியபின் அவர் கண்டது 75 வெற்றி, 109 தோல்வி. 2021-22 பருவத்தில் தம் பிரிவின் வழக்கமான ஆட்டங்கள் 19இலும் தோல்வி. அவர் தொழில் பழகியது வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களிடம். ஆண்டுதோறும் புதுப் பையன்களைத் தேடி, அவர்கள் வீட்டாரிடம் பேசி, அடிப்படையிலிருந்து தொடங்குவது வேறு வேலை. அதைக் கல்லூரி உதவியாளர் பணியில்தான் பழக முடியும்.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த சக் பெர்சன், 2014இல் அங்கேயே உதவியாளரானார். 2017இல் கூட்டாட்சி அதிகாரிகள் கைது செய்த நான்கு உதவிப் பயிற்சியாளர்களில் அவரும் ஒருவர். ஆட்டக்காரர்களை ஒரு நிதி ஆலோசகரிடம் அனுப்பிவைக்கப் பணம் வாங்கிய வழக்கில், 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெற்றோர் அவரை நம்பியதற்கு அந்தப் பழைய பெருமையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பணத்தையும் பேசியாக வேண்டும். ஸ்மித்தின் உதவியாளராக ராய் வில்லியம்ஸின் முதல் ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். காலண்டர் விற்றும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. 1990களில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒரு வகை உதவியாளர்களின் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என்று உச்சவரம்பே வைத்தது. நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். கல்லூரி மேலுள்ள பாசத்தைக் காட்டி உழைப்பை மலிவாக வாங்குவது இந்த வழக்கத்தோடு ஒட்டிப் பிறந்த அநியாயம்.

இருந்தும் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். 2023இல் என்.சி.ஏ.ஏ. ஓர் அணிக்கான கூடைப்பந்து உதவியாளர்களின் உச்ச எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. கூடுதல் இருவரும் பயிற்சி தரலாம், வெளியே சென்று ஆட்டக்காரர்களைத் திரட்டக் கூடாது என்று விதி வகுத்தது. பழைய ஆட்டக்காரர்களை முதலில் அந்த இடங்களில் அமர்த்தட்டும். ஆள்பிடிக்க அனுப்புமுன் சில பருவங்கள் வீடியோ அறையிலும் பயிற்சித் திடலிலும் கற்றுத்தரப் பழகட்டும். அதற்கு நியாயமான சம்பளமும் கொடுக்கட்டும்.